தினமும் தூக்கிச் சுமக்க ஒரு லேப்டாப்

திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் வேலை. காதர்பேட்டையில் ஒரு கடை, அவிநாசிப் பக்கம் ஒரு யூனிட், பல்லடம் ரோட்டில் இன்னொன்று என்று டவுன் பஸ்ஸிலும் ஸ்கூட்டியிலும் போய்வருகிறேன். லேப்டாப் எப்போதும் தோளில் இருக்கும். அதனால் பையனுக்கோ, கடைக்கோ ஒன்று வாங்கப் போகிறவர்கள், "அக்கா, எதுங்க வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடையில் முதலில் காதில் விழுவது பிராசஸர் பெயர். ஆனால் நாம் செய்வது டாலி என்ற கணக்கு மென்பொருள், எக்ஸெல், பிரவுசரில் ஜிஎஸ்டி போர்டல், வாட்ஸ்அப் வெப், நாலு பிடிஎஃப். இதற்கு இப்போது வரும் எந்த நடுத்தர பிராசஸரும் தாராளம். நான் பார்ப்பது வேறு. எது பிற்பாடு மாற்ற முடியாததோ அதில் பணத்தைப் போட வேண்டும். எடை, திரை, கீபோர்டு, பெரும்பாலான மெல்லிய லேப்டாப்பில் ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), இவை வாங்கிய அன்று எப்படியோ கடைசி வரை அப்படியே. எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்), மவுஸ், பை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எடையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 15.6 இஞ்ச் திரை உள்ள சாதாரண லேப்டாப் 1.6 கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை வரும். 14 இஞ்சில் 1.2 முதல் 1.4 கிலோவுக்குள் நல்லதாகவே கிடைக்கிறது. அரை கிலோதானே என்று தோன்றும். பஸ்ஸில் நின்றுகொண்டே போகும்போதும், மூன்றாவது மாடி யூனிட்டுக்குப் படி ஏறும்போதும் தோள்பட்டைக்கு அந்த அரை கிலோ தெரியும். பெட்டியில் போட்டிருக்கும் எடையில் சார்ஜர் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். 'தின்', 'ஸ்லிம்' என்ற பெயரை நம்பாமல் கிராம் கணக்கைக் கேளுங்கள். எங்கள் ஊரில் ஒரு வசதி, எந்த யூனிட்டுக்குப் போனாலும் துணி எடை போட எலக்ட்ரானிக் தராசு இருக்கும். லேப்டாப், சார்ஜர், மவுஸ், தண்ணீர் பாட்டில், பில் கட்டு எல்லாவற்றையும் பையோடு வைத்து ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். எதைக் குறைக்கலாம் என்று அப்போது தெரியும்.

பெரும்பாலும் குறைக்க முடிவது சார்ஜர்தான். டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் மாடலாகப் பாருங்கள். 65 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்று போதும், போனுக்கும் அதுவே. பழைய உருண்டை முனை அடாப்டரும் அதன் தடித்த வயரும் வீட்டிலேயே கிடக்கட்டும். எங்காவது சார்ஜரை மறந்து வைத்துவிட்டு வந்தாலும் பக்கத்து மேஜையில் யாரிடமாவது டைப்-சி இருக்கும். ஆனால் போன் சார்ஜரின் வாட் குறைவு, மெதுவாகத்தான் ஏறும். சிலது ஏறவே ஏறாது.

பேட்டரியை 'பத்து மணி நேரம்' என்ற விளம்பரத்தை வைத்து எடை போடாதீர்கள். வாட்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு என்று கேளுங்கள். நம் மாதிரி வேலைக்கு லேப்டாப் சுமார் 7, 8 வாட் இழுக்கும் என்று வைத்தால், 50 வாட்-அவர் பேட்டரி ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். 40க்குக் கீழே இருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. மின்வெட்டு நேரத்தில், போன் ஹாட்ஸ்பாட் வைத்துக்கொண்டு ரிட்டர்ன் போட வேண்டி வந்தால் அந்த வித்தியாசம் தெரியும்.

ராம் 16 ஜிபி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எடை குறைந்த லேப்டாப்களில் ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். விவரக்குறிப்பில் 'ஆன்போர்டு' அல்லது 'எல்பிடிடிஆர்' என்று இருந்தால் அதை மாற்ற முடியாது என்று அர்த்தம். சிலதில் கூடுதலாக ஒரு ஸ்லாட் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11, டாலி, பத்துப் பன்னிரண்டு டேப் திறந்த பிரவுசர் மூன்றும் சேர்ந்தால் 8 ஜிபி மூச்சுத் திணறும். எஸ்எஸ்டி 512 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) போதும், நிறைந்தால் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம். விலை மலிவாக இருக்கிறதே என்று 'இஎம்எம்சி' போட்ட மாடலை மட்டும் எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் போர்டோடு ஒட்டியது, வேகமும் குறைவு.

பிராசஸரில் இரண்டு விஷயம் போதும். இன்டெல் என்றால் எண்ணின் கடைசியில் 'யு' என்ற எழுத்து உள்ளது மின்சாரம் குறைவாக இழுக்கும். 'எச்' உள்ளது கேம் ஆடுகிறவர்களுக்கும் வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கும். ஏஎம்டி ரைசனில் 7520யு, 7530யு இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி போல இருக்கும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7520யு ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நாலு கோர். 7530யு ஜென் 3, ஆறு கோர். விலையில் சிறு வித்தியாசம்தான் என்றால் பின்னதை எடுங்கள்.

இனி, எங்கள் தொழில்காரர்கள் வாங்கிய பிறகுதான் கவனிக்கும் ஒன்று: டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் சின்னக் கருவி. பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்னில் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். தனி உரிமையாளர்கள் ஓடிபியில் முடித்துக்கொள்ளலாம். அந்த டோக்கன் பென்டிரைவ் மாதிரி, பெரும்பாலும் பழைய அகல யுஎஸ்பி வாயில்தான் போகும். மிக மெல்லிய லேப்டாப்களில் அந்த வாயே இருக்காது, இரண்டு டைப்-சி மட்டும். அப்படியென்றால் டைப்-சி மாற்றி ஒன்றை டோக்கனோடு சேர்த்து நூல் கட்டி வையுங்கள். டோக்கன் செருகியபடியே லேப்டாப்பைப் பைக்குள் திணித்தால் ஒரு இடியில் போர்ட் கோணிவிடும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பிறகு உருவிவிடுவது நல்லது.

ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்களும் இப்போது வருகின்றன. எடை குறைவு, பேட்டரி அருமை. ஆனால் அவை ஆர்ம் வகை, இன்டெல், ஏஎம்டி சிப்பிலிருந்து வேறானவை. சாதாரண மென்பொருள் ஓடினாலும், டோக்கன், பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் டிரைவர் மட்டும் அந்த சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் டோக்கனையும் பழைய பிரிண்டரையும் கடைக்கே எடுத்துப்போய் செருகிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். 13 இஞ்ச் மேக்புக் ஏர் சுமார் 1.24 கிலோ, ஃபேனே கிடையாது, கையில் எடுத்தால் வைக்க மனசு வராது. ஆனால் டாலி விண்டோஸுக்கு மட்டும்தான். டாலி தேவைப்படாத ஆசிரியருக்கோ மாணவருக்கோ நான் தயங்காமல் சொல்வேன்.

கீபோர்டை ஆன்லைனில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கடைக்குப் போய், ஒரு பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, டெமோ பீஸில் முழுதாக அடித்துப் பாருங்கள். 14 இஞ்சில் நம்பர் பேட் இருக்காது. எண்களை வரிசையாக அடித்துப் பழகியவர்களுக்கு அது கை முடங்கியது போல இருக்கும். தனி யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்று வாங்கினால் தீர்ந்தது, கைக்கு அடக்கமானது, எடையும் ஒன்றுமில்லை. தமிழில் அடிக்கிறவர்களுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் இரண்டும் அதிலேயே இருக்கின்றன.

திரையில் ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை), பளபளக்காத மேட், 300 நிட்ஸ் வெளிச்சம், இந்த மூன்றையும் கேளுங்கள். 1920க்கு 1080 என்பதைவிட 1920க்கு 1200 உள்ள திரையில் எக்ஸெல் வரிகள் சில கூடுதலாகத் தெரியும். நாள் முழுக்க பார்க்கிறவர்களுக்கு அது பெரிய உபகாரம். அப்படியே மூடியை ஒரே விரலால் திறந்து பாருங்கள், மூலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். உடம்பு வளைந்து கொடுத்தால், தினமும் பயணம் போகிறவர்களுக்கு அது ஆகாது. எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்காரருக்கு கீல் உடைந்தபோது, சர்வீஸ் சென்டரில் "இது வாரண்டியில வராதுங்க" என்று கைவிரித்துவிட்டார்கள். சுமந்து திரிகிறவர்கள், விழுந்து உடைந்தாலும் சரிசெய்து தரும் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தை வாங்கும்போதே சேர்ப்பது நல்லது.

பில் போடும்போது உங்கள் ஜிஎஸ்டி எண்ணைச் சொல்லுங்கள். லேப்டாப்புக்கு வரி 18 சதவீதம். 59,000 ரூபாய் பில் என்றால் அதில் 9,000 வரி. தொழிலுக்காக வாங்கினால் அதை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கிடையாது. உங்கள் எண் இல்லாமல் சொந்தப் பெயரில் பில் வாங்கினால் அந்தத் தொகை போச்சு. கணக்குப் புத்தகம் வைத்து வருமான வரி கட்டுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதத் தேய்மானம் (செலவாகக் கழித்துக்கொள்ளும் பங்கு) உண்டு. ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த வருஷம் பாதிதான். தீபாவளி ஆஃபருக்குக் காத்திருப்பதா, செப்டம்பரிலேயே வாங்குவதா என்று யோசிக்கும்போது இதையும் கூட்டிக்கழித்துப் பாருங்கள்.

பழையது வாங்குவதில் தப்பே இல்லை. பெரிய கம்பெனிகள் கழித்துவிடும் பிசினஸ் மாடல்கள் உறுதியானவை, கீபோர்டும் நன்றாக இருக்கும். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்காது. விண்டோஸில் கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ட்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டும் அதில் வரும். பாதிக்கு வந்திருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

வாங்கியாயிற்று, இனி வைத்துக்கொள்வது. எங்கள் ஊரில் லேப்டாப்புக்கு முதல் எதிரி பஞ்சு. கட்டிங் டேபிள் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கீபோர்டு மேல் மெல்லிய வெள்ளைப் படலம் படியும். அதே பஞ்சைத்தான் அடியிலுள்ள துவாரம் வழியாக ஃபேனும் உள்ளே இழுக்கிறது. அங்கே சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கு முன்னால் அது கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். காற்று போகாது, ஃபேன் அலறும், லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் அடிக்கச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அடிமூடியைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். யூனிட்டில் துணிக்கட்டு மேலும், வீட்டில் மெத்தை மேலும் வைத்து வேலை பார்க்காதீர்கள்.

மூடியை மூடியதும் தூங்கப் போகும் லேப்டாப், பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு சூடாகிக் கிடப்பதும் உண்டு. எடுத்துப் பார்த்தால் பேட்டரி காலி. பவர் அமைப்பில், மூடியை மூடினால் 'ஹைபர்னேட்' (வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆகும்படி மாற்றிவிடுங்கள். திறக்கச் சில நொடி கூடும், அவ்வளவுதான்.

மேஜையில் செருகியே வைத்து வேலை பார்க்கும் நாட்களில், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைப் போட்டு வையுங்கள். லேப்டாப்போடு வரும் கம்பெனி ஆப்பிலோ, விண்டோஸுக்கு முன்பே திறக்கும் பயாஸ் அமைப்பிலோ அது இருக்கும். சித்திரை வெயிலும் முழு சார்ஜும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். வெளியூர் போகும் நாளைக்கு மட்டும் 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். உலோக உடம்பு உள்ள லேப்டாப்பில் சார்ஜ் போட்டிருக்கும்போது மணிக்கட்டில் சுருசுருவென்று இருந்தால், அநேகமாக அது இரண்டு பின் சார்ஜரின் மெல்லிய கசிவு. மூன்று பின் சார்ஜர் போட்டு, எர்த் சரியாக உள்ள பிளக்கில் செருகினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள்.

பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். திருடு போனால் பார்ட்டிகளின் கணக்கு வெளியே போகாது, நல்லதுதான். ஆனால் போர்டு மாற்றினாலோ பயாஸ் அப்டேட் ஆனாலோ அது 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். இன்றைக்கே பார்த்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். டாலி பேக்கப் வேறொரு டிஸ்க்கில் தினமும் போகட்டும்.

விண்டோஸ் அப்டேட்டை, மாதாமாதம் தாக்கல் செய்யும் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்), இந்த இரண்டுக்கும் முந்தைய வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பிறகு விண்டோஸ் அமைப்பில் அதை நிறுத்தி வையுங்கள். 20-ஆம் தேதி தாண்டியதும் திரும்பவும் ஓடவிடலாம்.