ஆட ஆள் இல்லையா? பாலக்காடு–பொள்ளாச்சிப் பக்கம் போர்டு கேம் பிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், இந்தப் பக்கம் வந்தால் பொள்ளாச்சி. எல்லைக்கு இரண்டு புறமும் தமிழ் புழங்குகிற இந்த வட்டாரத்திலும் போர்டு கேம் வாங்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்து, அட்டைகளை எண்ணிப் பார்த்து, மறுபடி மூடி பீரோ மேல் ஏற்றிவிடுகிறார்கள். கேட்டால், "கூட ஆட ஆள் வேணுமில்லைங்க, அதுக்குக் கோயமுத்தூர்லயோ கொச்சியிலயோ இருக்கணும்" என்று பதில் வருகிறது. ஆளுக்கு இங்கே பஞ்சமே இல்லை, தேடுகிற விதத்தில்தான் கோளாறு என்பது என் கட்சி.

பெரும்பாலோர் செய்கிற முதல் தவறு, கட்டான் என்ற பிரபல போர்டு கேம் தெரிந்தவரைத் தேடுவது. அப்படி ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தாலும், அவரும் உங்களைப் போலவே பெட்டியோடு வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருப்பார். தேட வேண்டியது, எதையாவது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்களை. கேரளப் பக்கம் போனால் 28 என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க மாட்டார்கள். 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொரு புள்ளி. நாலு இனத்துக்கும் கூட்டினால் 28. கைக்கு வந்த முதல் நாலு சீட்டை மட்டும் பார்த்துவிட்டு இத்தனை புள்ளி எடுப்போம் என்று 14இலிருந்து ஏலம் கேட்க வேண்டும். ஏலத்தை எடுத்தவர் துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டுகிற இனத்தைத் தேர்ந்து, அதன் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். இரண்டு கட்டு சேர்த்து ஆறு பேர் உட்கார்ந்தால் அதுவே 56.

இதை வருஷக்கணக்கில் ஆடியவருக்கு எந்தச் சீட்டு போய்விட்டது, யார் கையில் எது மிச்சம் என்ற கணக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவரிடம் போய் "போர்டு கேம் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்பது சரியான அணுகுமுறை இல்லை. முதலில் அவர்களுடைய ஆட்டத்தில் உட்காருங்கள். அப்புறம் ஒரு நாள் 2019இல் வந்த 'தி க்ரூ' சீட்டுக்கட்டை எடுத்து வையுங்கள். நாலு நிறத்தில் 1 முதல் 9 வரை, துருப்பாக நாலு ராக்கெட், மொத்தம் 40 சீட்டு. கேட்ட இனத்தைப் போட வேண்டும், இல்லையென்றால் வெட்டலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு வெல்லக்கட்டி. வித்தியாசம் ஒன்றுதான்: எல்லோரும் ஒரே கட்சி. பேசக் கூடாது. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு தடவை, ஒரு சீட்டைத் திருப்பி வைத்து, அந்த நிறத்தில் இதுதான் என்னிடம் பெரியது, அல்லது சின்னது, அல்லது இது ஒன்றுதான் என்று ஒரு வில்லையால் காட்டலாம். ஜோடிக்குக் கண் ஜாடை காட்டியே பழகியவர்கள் இந்த இடத்தில் படுகிற பாட்டைப் பார்க்கவே ஆட்டம் போடலாம்.

இடம் தேடுவதிலும் இதே கதைதான். கஃபே இருந்தால்தான் ஆட முடியும் என்று காத்திருப்பவர்கள் கேரளத்து வாயனசாலைகளை, அதாவது ஊர் நூலகங்களைக் கவனிப்பதில்லை. திருவிதாங்கூரில் 1945இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைக் கூட்டி ஆரம்பித்த சங்கம் வளர்ந்து, இன்றைக்கு ஸ்டேட் லைப்ரரி கவுன்சிலின் கீழ் கிராமம்தோறும் நூலகம் என்கிற அளவுக்கு வந்திருக்கிறது. இவற்றை நடத்துவது ஊர்க்காரர்களின் கமிட்டி. கேரம், செஸ், கலை நிகழ்ச்சி எல்லாம் அங்கே வழக்கமான விஷயம். ஆகவே செயலாளரைப் பார்த்து, "சேட்டா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மேசை கிடைக்குமா? பிள்ளைகளும் ஆடலாம்" என்று கேட்டால் போதும். உறுப்பினர் சந்தாவைக் கட்டிவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

தமிழ்நாட்டுப் பக்கம் அதே பேச்சை எடுத்தால் நடக்காது. இங்கே கிளை நூலகம் அரசுத் துறை. நூலகர் நல்லவராகவே இருந்தாலும் தானாக முடிவெடுக்க முடியாது. வாசகர் வட்டம் வழியாகப் போக வேண்டும். கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்று எழுதிக் கொடுத்தால் வாய்ப்பு அதிகம். எல்லையைத் தாண்டிப் போக யோசித்துவிட்டு, அனுமதி கிடைக்கவில்லை என்று தன் பக்கத்திலேயே மூக்கால் அழுகிறவர்களும் உண்டு. கொஞ்ச தூரத்திலேயே இன்னொரு மாநிலம் திறந்து கிடக்கிறது.

மேசை கிடைத்துவிட்டால், அது பாதிக்குப் பாதி கேரம் போர்டாகத்தான் இருக்கும். அதன் மேல் நேராக அட்டையைப் பரப்பிவிடாதீர்கள். பவுடர் ஒட்டினால் சீட்டு வழுக்கும், கருப்பு அட்டையில் விரல் ரேகை அப்படியே வெள்ளையாக நிற்கும். பழைய போர்வை ஒன்றை மடித்து விரித்தால் போதும். வெளித் திண்ணையும் வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு, கூழாங்கல்லை மேலே வைத்தால்கூட சீட்டு நிற்காது.

வாட்ஸ்அப் குழு பற்றிச் சொல்லியாக வேண்டும். குழு ஆரம்பிப்பது தவறில்லை, அதை ஆரம்பித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. "இந்த வாரம் யாரெல்லாம் ஃப்ரீ?" என்று கேட்டால் பத்துக் கட்டைவிரல் வரும், ஆள் வராது. நேரம், இடம், ஆட்டத்தின் பெயர், இன்னும் எத்தனை இடம் காலி என்று போட்டுவிட்டு, வரக்கூடிய மூன்று பேருக்குத் தனியாகப் போன் அடியுங்கள். மூன்று பேர் உறுதி என்றால் ஆட்டம் உறுதி. ஒருவர் வராவிட்டாலும் ரத்து செய்யாதீர்கள். ஒரு தடவை ரத்தானால் அடுத்த தடவை யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதற்கேற்ற ஆட்டத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். கட்டான் 1995இல் வந்த அருமையான ஆட்டம்தான், ஆனால் அடிப்படைப் பெட்டி மூன்று நாலு பேருக்கு மட்டும். இரண்டு பேர் வந்தாலும் ஐந்து பேர் வந்தாலும் பெட்டி திறக்காது. கார்க்கசோன் அல்லது டிக்கெட் டு ரைட் என்றால் இரண்டிலிருந்து ஐந்து வரை சமாளிக்கலாம். ஆள் கூடிவிட்டால், அணி பிரிந்து குறிப்பை வைத்துச் சொற்களைக் கண்டுபிடிக்கிற கோட்நேம்ஸ்.

கோட்நேம்ஸ் என்றதும் இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் வருகிறது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் நிறைய. பேசினால் எல்லாம் புரியும், தமிழ் எழுத்து ஓடாது. பொள்ளாச்சிக்காரருக்கு மலையாள எழுத்து சுத்தமாகத் தெரியாது. பெட்டியில் இருப்பதோ ஆங்கிலம். ஆகவே முதல் சந்திப்புகளுக்கு எழுத்தே தேவைப்படாத ஆட்டம்தான் சரி. கார்க்கசோனின் 72 வில்லைகளிலும் வெறும் படம்தான். 2017இல் வந்த அசுலில் நிறமும் வடிவமும் மட்டும். கோட்நேம்ஸ்தான் வேண்டும் என்றால், காலண்டர் அட்டையை வெட்டி, ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் மலையாளமுமாக நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஒரு ஆட்டத்துக்கு 25 சொல்தானே வேண்டும்.

விதியை மேசையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். இதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

பணம். "தோற்றவர் டீ வாங்கணும்" என்று தொடங்கி மெல்ல நோட்டு வரைக்கும் போகிற ஆபத்து சீட்டு என்றாலே உண்டு. கேரளத்தில் 1960ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டுமே பந்தயம் வைத்து ஆடுகிற இடத்தைப் பிடிக்கத்தான் இருக்கின்றன. திறமை ஆட்டத்துக்கு விலக்கு உண்டுதான், ஆனால் அதை ஸ்டேஷனில் விளக்கிக்கொண்டிருப்பது யாருக்குப் பொழுதுபோக்கு? இடம் கொடுத்த கமிட்டிக்கும் கெட்ட பெயர். தண்டனை இல்லாமல் ருசிக்காது என்றால் 28காரர்களிடமே அழகான வழி இருக்கிறது: தோற்ற ஜோடி காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். காசு செலவில்லை, மானம் மட்டும் போகும்.

கள்ளுக்கடையில் கூடலாம் என்று யாராவது சொல்வார்கள். பேச்சுத் துணைக்கு நல்ல இடம், அட்டைக்கு ஆகாது. ஈரக் கையும் மீன்கறியும் ஒரே நாளில் பெட்டியை முடித்துவிடும். அதைவிட முக்கியம், பெண்களும் பிள்ளைகளும் வர முடியாத இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு "ஆளே இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. லாட்ஜ் அறை, இரவு நேரத்து கிளப் மாடி எல்லாம் இந்தக் கணக்குதான். பகல் நேரம், ஆள் நடமாட்டம் உள்ள இடம், கழிப்பறை. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு இடம் சொல்லுங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி கதை ஆட்டங்களுக்கு ஆள் சேர்ப்பவர்கள் வாராவாரம் ஆறு மாதம் என்று அறிவித்துப் பயமுறுத்துகிறார்கள். ஒரே உட்காரலில் முடிகிற கதையாக வையுங்கள். புத்தகத்துக்குப் பணம் கட்டவும் அவசரமில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், இலவசமாக எடுக்கலாம். கதையைத் தமிழிலேயே சொல்லுங்கள். வாளையார்க் காட்டு யானை வழிமறிப்பதற்கு இருக்கிற பயம் ஐரோப்பிய டிராகனுக்குக் கிடைக்காது.

நாள் குறிப்பதில் ஒரு வசதி நமக்கு இருக்கிறது. ஓணத்துக்குக் கோவை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை, பொங்கலுக்குப் பாலக்காட்டில் உள்ளூர் விடுமுறை. இரண்டு பக்கமும் ஒன்றாகக் கூட இதைவிட நல்ல நாள் கிடையாது. பண்டிகை அன்றே கூப்பிட்டால் மட்டும் வீட்டில் அடி விழும். அதை ஒட்டி வருகிற ஞாயிறு சரி. ஓண விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமையைக் கோவைப் பக்கம் வேலை நாளாக்கிவிடுவார்கள், அந்தச் சனியைப் பார்த்துத் தள்ளிக் குறியுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை நம்பி முடியும் நேரத்தைச் சொல்ல வேண்டாம். புதியவர்கள் இருந்தால் இரண்டு மடங்கு ஆகும், எல்லை தாண்டிப் போகிற பஸ்ஸோ இருட்டினால் குறைந்துவிடும். ஆறரை மணிக்கு எந்த நிலையில் இருந்தாலும் புள்ளியைக் கூட்டி முடித்துவிடுங்கள். அடுத்த தேதியைப் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள், குழுவில் போடலாம் என்று விட்டால் மறுபடி கட்டைவிரல்தான்.