குவாண்டம் கணிதம்: இரண்டு உறுப்புகளிலிருந்து தொடங்குங்கள்

குவாண்டம் இயற்பியலின் கணிதத்தைக் கற்க விரும்புவோர் பலர், ஷ்ரோடிங்கர் 1926-இல் வெளியிட்ட அலைச் சமன்பாட்டையே முதலில் எடுத்துக்கொண்டு, பகுதி வகைக்கெழுக்களில் சிக்கி, சில பக்கங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டே உறுப்புகள் கொண்ட வெக்டரிலிருந்து தொடங்குவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. மேல்நிலை வகுப்பில் படித்த கலப்பெண்களும் அணிகளும் அதற்குப் போதும்.

1922-இல் பிராங்க்பர்ட் நகரில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தியபோது, அணுக்கற்றை இரண்டாகப் பிரிந்தது. மேலே அல்லது கீழே என விடைகள் இரண்டே என்பதால், அணுவின் நிலையை எழுத இரண்டு எண்கள் போதும்.

முதல் படியாக, இணைக் கலப்பெண்ணையும் மட்டு மதிப்பையும் தயக்கமின்றிக் கணக்கிடப் பழகுங்கள்.

அடுத்து, மேல் உறுப்பு 3/5, கீழ் உறுப்பு 4/5 என்று ஒரு நிலையை எழுதுங்கள். மாக்ஸ் போர்ன் 1926-இல் தந்த விதிப்படி, மட்டு மதிப்பின் வர்க்கமே நிகழ்தகவு. ஆகவே 9/25, 16/25. கூட்டினால் 1 வரவேண்டும்.

மூன்றாவது படி அணி. பவுலி 1927-இல் பயன்படுத்திய அணிகளில் ஒன்றின் முதல் வரிசை 0, 1. இரண்டாவது 1, 0. இதை (1, 1) என்ற வெக்டருடன் பெருக்கினால் அதுவே திரும்ப வரும்; (1, −1) உடன் பெருக்கினால் குறி மட்டும் மாறும். அதனால் ஐகன் மதிப்புகள், அதாவது அந்த வெக்டர்கள் எத்தனை மடங்காகத் திரும்புகின்றன என்ற எண்கள், 1, −1. பக்கவாட்டில் அளந்தால் கிடைக்கக்கூடிய இரண்டு விடைகளையும் இவையே குறிக்கின்றன.

நான்காவது படியில்தான் நிதானம் தேவை. (1, 1) வெக்டரை √2 ஆல் வகுத்து, நம் நிலையுடன் உட்பெருக்கம் (முதல் வெக்டரின் உறுப்புகளுக்கு இணைக் கலப்பெண் எடுத்து, ஒத்த உறுப்புகளைப் பெருக்கிக் கூட்டுவது) எடுத்தால் 7/(5√2) வரும். அதன் வர்க்கம் 49/50; பக்கவாட்டில் அளந்தால் 1 என்ற விடை கிடைப்பதற்கான நிகழ்தகவு இதுவே. இப்போது கீழ் உறுப்பை மட்டும் கற்பனை அலகால் பெருக்கிவிட்டு, அதே கணக்கை மீண்டும் செய்யுங்கள். மேல், கீழ் நிகழ்தகவுகள் சற்றும் மாறவில்லை. ஆனால் பக்கவாட்டு நிகழ்தகவு 1/2 ஆகிவிடுகிறது. கலப்பெண்கள் இங்கே வெறும் கணக்கு வசதிக்காக வந்தவை அல்ல என்பதை இந்த ஒரு கணக்கே தெளிவாக்கும்.

பயிற்சியாக, இந்தப் புதிய நிலைக்கு, முதல் உறுப்பு 1, இரண்டாவது உறுப்பு கற்பனை அலகு என்ற வெக்டரையும் √2 ஆல் வகுத்து, நிகழ்தகவைக் கண்டுபிடியுங்கள். விடை 49/50. உங்களுக்கு 1/50 வந்தால், உட்பெருக்கத்தில் இணைக் கலப்பெண் எடுக்க விட்டிருக்கிறீர்கள்.