பூச்சிக்கொல்லிகளைக் கலந்து அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்தடிக்கப் புதிதாக வருபவர்கள், எங்கள் காலத்துத் தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கையுறை, முகமூடி, காற்றின் திசை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேராகக் கலவைக்கு வருகிறேன்.

பெயர் இரண்டு, குழு ஒன்று

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். முட்டைக்கோஸில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு குளோரான்ட்ரனிலிப்ரோலுக்குச் சாகவில்லை என்று, ஒருவர் அதோடு ஃபுளூபென்டியமைடையும் சேர்த்து அடித்தார். மருந்துச் செலவு ஏறியது. புழு பாட்டுக்கு இலையைத் தின்றுகொண்டிருந்தது. "புது மருந்துதானே சேர்த்தேன்?" என்று கேட்டார். டப்பாதான் புதிது. பூச்சியைத் தாக்கும் விதத்தை வைத்து மருந்துகளைக் குழு குழுவாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். இரண்டுமே டையமைடுகள், 28-ஆம் குழு. இரண்டும் தாக்குவது தசையில் உள்ள ரையனோடின் ஏற்பி என்ற ஒரே புரதத்தை. அந்தப் புரதமே மாறிப்போன புழுவை இன்னொரு டையமைடு என்ன செய்துவிடும்? தப்பிப் பிழைத்தவை தங்களுக்குள் கூடி, அடுத்த தலைமுறையில் இன்னும் பெருகும்.

அசுவினிக்கு இமிடாகுளோபிரிட்டையும் தயாமீதாக்சமையும் கலப்பதும் இதே கதைதான்; இரண்டும் 4ஏ குழு. ஆர்கனோபாஸ்பேட்டும் கார்பமேட்டும் வேறு வேறு வேதிக் குடும்பம் என்பதால் விவரமானவர்கள்கூட ஏமாறுகிறார்கள். 1பி, 1ஏ என்று துணைக்குழுதான் வேறு. இரண்டும் முடக்குவது ஒரே நொதியை. ஆகவே வணிகப் பெயரை விட்டுவிட்டு லேபிளில் குழு எண்ணைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் பூச்சிகள் மருந்துக்குப் பழகிப்போவதைத் தடுக்க வழிகாட்டும் ஐராக் (IRAC) அமைப்பின் வகைப்பாட்டுப் பட்டியலில் இருக்கும்.

அப்புறம், குழு வேறாக இருந்தால் மட்டும் போதாது. ஒன்றுக்குப் பூச்சி ஏற்கெனவே பழகிவிட்டிருந்தால், மொத்தச் சுமையும் மற்றதன் தலையில் விழும். அதையும் சீக்கிரம் இழப்பீர்கள்.

ஆளுக்குப் பாதி டோஸ்

கூடாது. இரண்டும் லேபிளில் சொன்ன முழு அளவில் இருக்க வேண்டும்.

பலித்த கலவையையே திரும்பத் திரும்ப அடிப்பது

வெயில் காலத்தில் வைரமுதுகுப் பூச்சிக்கு ஒரு தலைமுறை என்பது இரண்டு மூன்று வாரம்தான். அடுத்த தலைமுறைக்குக் கலவையில் இருந்த இரண்டு குழுக்களையும் விட்டு வேறு குழுவுக்குப் போங்கள்.

தண்ணீரைச் சோதிக்காமல் விடுவது

காரத்தன்மை மிகுந்த தண்ணீரில் பல ஆர்கனோபாஸ்பேட்டுகள் டேங்கிலேயே சிதையத் தொடங்கிவிடும்.

சோதிக்காமல் டேங்கில் ஊற்றுவது

லேபிள் தடுக்காத கலவையாக இருந்தாலும், முதலில் ஒரு கண்ணாடிக் குடுவையில் அதே விகிதத்தில் கலந்து சிறிது நேரம் வையுங்கள். திரிந்தாலோ, அடியில் கட்டியாகப் படிந்தாலோ அதை அடிக்க வேண்டாம்.