அம்புக்கு இறகு ஒட்டும் ஜிக்: எதை வாங்குவது, எப்படிச் சோதித்து வாங்குவது

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் வில்வித்தைக்கு வர ஆரம்பித்ததிலிருந்து பெற்றோரும் சரி, பெரிய பையன்களும் சரி, என்னிடம் வில்லைப் பற்றிக் கேட்பதைவிட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்: "அண்ணே, இறகு ஒட்டுற ஜிக் எதை வாங்கலாம்?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. புதிதாக எய்பவர்களின் அம்பு இலக்கை விட்டுப் புல்லுக்குள் போகும், மரச்சட்டத்தில் உரசும், இறகு பிய்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஈப்போவுக்கு எடுத்துப் போய்க் கடையில் கொடுத்து ஒட்டி வாங்குவதென்றால் நேரமும் போகும், காசும் போகும். சொந்தமாக ஒரு ஜிக், அதாவது பசை காயும்வரை இறகைத் தண்டில் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும் கருவி, இருந்தால் அன்று ராத்திரியே ஒட்டிவிடலாம்.

எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிக்கிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது, முதல் அம்பில் இறகு எந்தக் கோணத்தில் உட்கார்ந்ததோ அதே கோணத்தில் பன்னிரண்டாவது அம்பிலும் உட்கார வேண்டும் என்பதைத்தான். எல்லா அம்பிலும் அரை டிகிரி தப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை, எல்லாம் ஒரே இடத்தில் போய் விழும், வில்லில் குறிபார்க்கும் சைட்டைக் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். ஒன்று அப்படியும் ஒன்று இப்படியும் இருந்தால் அதைச் சரிசெய்ய வழியே கிடையாது, பிள்ளை தன் கையில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு நிற்கும். அது எனக்குப் பார்க்கப் பொறுக்காது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அம்பைப் பாருங்கள். கைமேலேயோ வில்லின் கைப்பிடித் திட்டின் மேலேயோ அம்பை வைத்து எய்கிற பாரம்பரிய வில் என்றால் உண்மையான இறகுதான் வேண்டும், அது உரசும்போது மடங்கிக் கொடுக்கும். பிளாஸ்டிக் இறகு அங்கே இடித்து அம்பைத் தள்ளிவிடும். இந்த வில்லுக்கு 4 அல்லது 5 அங்குல இறகு சாதாரணம், எனவே ஜிக்கில் இறகைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் அந்த நீளத்தைப் பிடிக்குமா என்று பாருங்கள், சின்ன பிளாஸ்டிக் இறகுக்காகச் செய்த ஜிக்குகளில் கிளாம்ப் குட்டையாக இருக்கும். அம்பைத் தாங்கும் ரெஸ்ட் வைத்த ரிகர்வ் (நுனி முன்னால் வளைந்த வில்), காம்பவுண்ட் (கப்பி வைத்த வில்) என்றால் சின்ன பிளாஸ்டிக் இறகு போதும். அப்புறம் தண்டின் தடிமன். உலக வில்வித்தைச் சங்கத்தின் விதிப்படி தண்டு அதிகபட்சம் 9.3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், உள்ளரங்கில் 18 மீட்டருக்கு அந்தத் தடித்த அம்பையே பலர் வைத்திருக்கிறார்கள். வெளியே தூரத்துக்கு எய்கிற கார்பன் அம்போ அதில் பாதி தடிமன்தான். இந்த இரண்டையும் ஒரே ஜிக் பிடிக்குமா என்பதை விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும். "எல்லா சைஸுக்கும் ஆகும்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள்.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகைக்குள் வந்துவிடும். ஒரு கிளாம்ப்பில் ஒரு இறகு, ஒட்டியதும் தண்டைத் திருப்பி அடுத்த இறகு, இது முதல் வகை. இதில் பெயர்பெற்றது அமெரிக்காவின் பிட்சன்பர்கர், முழுக்க உலோகம், கிளாம்ப் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், கீழே திருகும் டயல் ஒவ்வொரு இறகுக்கும் தண்டைச் சரியான இடத்தில் நிறுத்தும், கோணத்தையும் மாற்றலாம். விலை பல நூறு வெள்ளி (ரிங்கிட்). அதே அமைப்பில் சீனாவில் செய்து ஷோப்பி இணையக் கடையில் விற்பவை சில பத்து வெள்ளிக்கே கிடைக்கும், அதில் நல்லதும் உண்டு, ஆட்டம் காண்பதும் உண்டு. இரண்டாவது வகையில் மூன்று கை இருக்கும், மூன்று இறகையும் ஒரே தடவை வைத்து மூடிவிடலாம், அரிசோனா ஈஸி ஃபிளெட்ச் இந்த ரகம். வேகம் என்றால் இதுதான், ஆனால் சாதாரண மாடலில் கோணம் ஏற்கெனவே கைகளில் அமைத்துவிட்டது, நீங்கள் மாற்ற முடியாது. மூன்றாவது, ஆறு அம்பை வட்டமாக நிறுத்தி ஒரே சமயத்தில் ஒட்டுகிற ஜோஜான் மாதிரியானது. பெரிய அணிக்கு நல்லது. ஆனால் ஆறு இடமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஆறையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், ஒன்று விலகியிருந்தால் ஒவ்வொரு ஆறாவது அம்பும் வேறு மாதிரி பறக்கும்.

இதில் எது உங்களுக்கு என்பதைப் பாதி தீர்மானிப்பது பசைதான். நிறையப் பேர் இதை யோசிப்பதே இல்லை. ட்யூபில் வரும் மெதுவாகக் காயும் இறகுப் பசை என்றால் ஒரு இறகைக் கிளாம்ப்பிலேயே பத்து நிமிடம் விட்டு வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அம்புக்கு மூன்று இறகு, அரை மணி நேரம். ஒரு டஜன் அம்பு என்றால் ஆறு மணி நேரம். ஒற்றைக் கிளாம்ப் ஜிக்கை வைத்துக்கொண்டு பள்ளி அணிக்கே ஒட்டப் போனால் விடிந்துவிடும். அதே ஜிக்கில் சூப்பர் குளூ ரகப் பசை போட்டால் அரை நிமிடத்தில் கிளாம்ப்பை எடுத்துவிடலாம், ஒரு டஜனை ஒரு மாலையில் முடிக்கலாம். வேகமான பசைக்குப் பழகிக்கொள்வீர்கள் என்றால் ஒற்றைக் கிளாம்ப்பே போதும்; மெதுவான பசைதான் வேண்டும், தப்பாக வைத்தால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் வேண்டும் என்றால் மூன்று கையோ ஆறு அம்போ உள்ளதைப் பாருங்கள்.

உண்மையான இறகு வாங்குபவர்கள் ஜிக்கை ஆர்டர் செய்வதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கடையில் வரும் இறகு பெரும்பாலும் வான்கோழியின் சிறகு இறகு. இடது சிறகு, வலது சிறகு என்று தனித்தனியாக விற்பார்கள், ஏனென்றால் அவற்றின் இயற்கையான வளைவு எதிரெதிர். இறகைத் தண்டைச் சுற்றி லேசாக வளைத்து ஒட்டும் முறுக்குக் கிளாம்ப் வாங்கினால், வலது சிறகு இறகுக்கு வலப்பக்கம் முறுக்கும் கிளாம்ப், இடது சிறகுக்கு இடப்பக்கம் முறுக்கும் கிளாம்ப். மாற்றி வைத்தால் இறகு தன் வளைவுக்கு எதிராக முறுக்கிக்கொண்டு நிற்கும், அடிப்பாகம் தண்டில் சரியாகப் படியாது. வலது கைக்காரருக்கு எந்தச் சிறகு என்று கேட்பார்கள், இரண்டுமே ஆகும். ஒரு அம்பில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி, ஒரு டஜனிலும் கலக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. தோட்டத்தில் யாராவது வான்கோழி வளர்த்து இறகு கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு சிறகையும் இரண்டு பையில் பிரித்துப் போட்டு வாங்குங்கள், கலந்துவிட்டால் அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருக்கும்.

நேர் கிளாம்ப்பா முறுக்குக் கிளாம்ப்பா என்பதற்குச் சுருக்கமாகச் சொன்னால், முறுக்கு அம்பை வேகமாகச் சுழற்றி நிலைப்படுத்தும், பதிலுக்குக் காற்றில் வேகத்தைக் கொஞ்சம் விழுங்கும். மெல்லிய கார்பன் தண்டில் பலமான முறுக்கு வைத்தால் இறகின் இரண்டு முனையும் தண்டை விட்டுத் தூக்கிக்கொள்ளும். எனவே மெல்லிய தண்டு வைத்திருப்பவர்கள் நேர் கிளாம்ப் வாங்கி, அதை ஒன்று இரண்டு டிகிரி சாய்த்து ஒட்டினால் போதும்.

இப்போது சோதனை. கடையில் வாங்கினாலும் சரி, தபாலில் வந்து திருப்பி அனுப்ப இன்னும் நாள் இருந்தாலும் சரி, பசையைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு தண்டில் இறகு வரும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றுங்கள். ஜிக்கில் நிறுத்திக் கிளாம்ப்பை இறகில்லாமல் வைத்து, அதன் விளிம்பை ஒட்டிக் கூரான பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். திருப்பி இரண்டாவது கோடு, திருப்பி மூன்றாவது. இன்னொரு தடவை திருப்பினால் முதல் இடத்துக்கே வந்திருக்க வேண்டும், அங்கே நாலாவது கோட்டைப் போடுங்கள். அது முதல் கோட்டின் மேலேயே விழுந்தால் சந்தோஷம். பக்கத்தில் தனிக் கோடாகத் தெரிந்தால் அந்த ஜிக் ஆடுகிறது. அதோடு விடாதீர்கள். தண்டை முழுக்க வெளியே எடுத்து, கிளாம்ப்பையும் கழற்றி, மறுபடி எல்லாவற்றையும் வைத்து முதல் கோட்டின் மேல் திரும்பவும் போட்டுப் பாருங்கள், ஒரு டஜன் அம்பு ஒட்டும்போது நீங்கள் செய்யப்போவது இதைத்தானே. கடைசியில் டேப்பைக் கத்தியால் நீளவாக்கில் வெட்டிப் பிரித்து மேசையில் விரியுங்கள், மூன்று கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளக்கலாம், மூன்றும் சமமாக இருந்தால் 120 டிகிரி சரியாக வருகிறது. மூன்று கை உள்ள ஜிக்கில் ஒவ்வொரு கையையும் மூடி இதே போலக் கோடு போட்டு இடைவெளியை அளந்தால் போதும்.

இந்தச் சோதனையில் தோற்கிற ஜிக்குகளில் பெரும்பாலும் குறை நாக் உட்காரும் இடத்தில் இருக்கும். அம்பின் வாலில் நாண் மாட்டுகிற அந்த நாக், ஜிக்கின் அடியில் உள்ள பிடிக்குள் இறங்கி அசையாமல் நிற்க வேண்டும். நாக்குகளின் அகலம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, எனவே கடைக்குப் போகும்போது உங்கள் அம்பில் ஒன்றையே கையோடு கொண்டுபோங்கள். வைத்துவிட்டுத் தண்டை இரண்டு விரலால் இடமும் வலமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. தண்டுக்குள் நாக்கே தளர்வாக இருந்தால் எந்த ஜிக்கும் உதவாது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நான்கு இறகு ஒட்டும் எண்ணம் இருந்தால் அதற்கு ஜிக்கில் வசதி இருக்கிறதா, தனிப் பாகம் வாங்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெக்கையும் ஈரமும் இதில் சேர்ந்துதான் விளையாடும். சூப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டுதான் இறுகுகிறது, எனவே இங்கே சீக்கிரம் பிடிக்கும், திறந்த பாட்டிலும் சீக்கிரம் கெட்டியாகும். சின்ன பாட்டிலாக வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் வெளியே எடுத்ததும் திறக்க வேண்டாம், சூடு சமமாகட்டும், இல்லையென்றால் உள்ளே நீர் கோத்துவிடும். பிளாஸ்டிக் ஜிக்கை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் வளைந்துபோகலாம், கண்ணுக்குத் தெரியாத வளைவே போதும், எல்லாம் கெட்டுவிடும். உலோக ஜிக்கில் இரும்புப் பாகம் இருந்தால் துருப் பிடிக்காமல் எண்ணெய் தடவலாம், ஆனால் ஒட்ட உட்காரும் முன் கிளாம்ப்பையும் கையையும் நன்றாகத் துடையுங்கள், எண்ணெய் பட்ட தண்டில் பசை நிற்காது. கிளாம்ப்பில் காய்ந்த பசையை அசிட்டோன் போட்டுத் துடைப்பது உலோகத்துக்கு மட்டும்தான், பல பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும்.

சரி, நேராகச் சொல்கிறேன். வீட்டில் ஒரே பிள்ளை எய்கிறது, ஒரு டஜன் அம்புதான் என்றால், கோடு சோதனையில் தேறுகிற விலை குறைந்த ஒற்றைக் கிளாம்ப் ஜிக்கே போதும். பாரம்பரிய வில், பெரிய இறகு, பல வருடம் எய்யப் போகிறீர்கள், அம்பின் வகையையும் மாற்றிப் பார்ப்பீர்கள் என்றால் காசு சேர்த்து பிட்சன்பர்கர் வாங்குங்கள், நேர் கிளாம்ப் ஒன்றும் உங்கள் இறகுக்கு ஏற்ற முறுக்குக் கிளாம்ப் ஒன்றும் தனித்தனியாக வாங்கலாம். பள்ளி அணி, எல்லாருக்கும் ஒரே தண்டு, ஒரே பிளாஸ்டிக் இறகு என்றால் மூன்று கை ரகம் இரண்டு இருந்தால் வேலை ஓடும், பிள்ளைகளே ஒட்டக் கற்றுக்கொள்வார்கள். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டும் சுருள் பிளாஸ்டிக் இறகுக்கு இதெல்லாம் தேவையில்லை, மூன்று கோடு சரியாகப் போட்டுத் தரும் சின்னக் கருவி போதும்.

வாங்கிய பிறகு முதல் அம்பை மட்டும் ஒட்டி நிறுத்துங்கள். தண்டை ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும், நாக்கிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் விட்டு இறகை வையுங்கள். மூன்றும் ஒட்டி முடிந்ததும் அம்பை விளக்குக்கு எதிரே பிடித்து இறகின் அடியோரம் முழுக்கப் பாருங்கள், எங்காவது வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் அங்கே அடி படியவில்லை, கிளாம்ப்பின் சாய்வைக் குறைத்து மறுபடி ஒட்ட வேண்டும். வெளிச்சம் தெரியவில்லை என்றால் ஒவ்வொரு இறகின் முன்முனையிலும் பின்முனையிலும் ஒரு சொட்டுப் பசை வைத்து மூடுங்கள். கைமேல் வைத்து எய்பவர்கள் முன்முனைக் காம்பை நன்றாக மழுக்கி, அதன்மேல் நூல் சுற்றிப் பசை தடவியே ஆக வேண்டும், தூக்கி நிற்கும் காம்பு பாயும்போது கையைக் கிழித்துவிடும். அந்த ஒரு அம்பை மறுநாள் வரை விட்டு வைத்து, இறகை விரலால் இரண்டு பக்கமும் மடக்கி இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்றால் மீதிப் பதினொன்றையும் அதே சாய்வில், அதே பசையில், ஜிக்கின் எந்தத் திருகையும் தொடாமல் ஒட்டி முடியுங்கள்.