கீசர் சூடாகவில்லையா? முதலில் எலிமென்ட்டை அளந்து பாருங்கள்

மார்கழிக் குளிரில் கீசர் நின்றுபோனால் உடனே புதிது வாங்க வேண்டாம். தண்ணீரைச் சூடாக்கும் கம்பிக் குழாயான எலிமென்ட்டின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். எம்.சி.பி.யை (கீசருக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, எலிமென்ட்டின் இரண்டு வயரையும் கழற்றி அளக்க வேண்டும். 2000 வாட் எலிமென்ட் நன்றாக இருந்தால் சுமார் 26 ஓம் காட்டும். அப்போது கோளாறு பெரும்பாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிலோ, சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட்டிலோ இருக்கும். ரீடிங்கே வராவிட்டால் எலிமென்ட் போய்விட்டது. டேங்க் தண்ணீரை வடித்துவிட்டு, கேஸ்கெட்டோடு (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) எலிமென்ட்டை மட்டும் மாற்றினால் போதும்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீரின் உப்பு எலிமென்ட்டில் ஓடாகப் படிந்துவிடும். சூடு தண்ணீருக்குள் இறங்க முடியாமல் உள்ளே இருக்கும் கம்பி எரிந்துபோகிறது. கழற்றிய கையோடு மெக்னீசியம் ராடையும் பாருங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

டேங்கே ஒழுகினால் இது உதவாது, புதிதுதான் வாங்க வேண்டும். தண்ணீரில் ஷாக் அடித்தால் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை சுவிட்சையே போடாதீர்கள்.