கராஜ் கேஸ் கம்ப்ரஸர் மக்கர் செய்தால் முதலில் மீட்டரைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஹோண்டா சிவிக் ஜிஎக்ஸ் மாதிரி இயற்கை எரிவாயுக் காரைப் பழையதாக வாங்கியவர்களில் சிலருக்கு, கூடவே கராஜ் சுவரில் தொங்கும் ஒரு கம்ப்ரஸரும் வந்து சேர்ந்திருக்கும். அடுப்புக்கு வரும் அதே குழாய் கேஸை இழுத்து, 3,600 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை அழுத்தி, ராத்திரி முழுக்க மெதுவாகக் காரில் ஏற்றும் பெட்டி. இந்த வகையை 'ஃபில்' என்ற பெயரில் 2005-ல் கொண்டுவந்த டொரான்டோவின் ஃப்யூயல்மேக்கர் கம்பெனி 2009-லேயே திவாலாகிவிட்டது. எனவே பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் தாங்களாகவே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எவ்வளவு தூரம் பார்க்கலாம் என்பதை முதலில் பேசிவிடுவோம். வீட்டுக்குள் வரும் கேஸின் அழுத்தம் கால் பிஎஸ்ஐதான். ஸ்ட்ராவில் தண்ணீரை ஏழு அங்குலம் உறிஞ்சிப் பிடிக்கும் அளவு. கம்ப்ரஸரைத் தாண்டியதும் அது கார் டயர் காற்றைப் போல நூறு மடங்குக்கு மேல். அந்தப் பக்கத்தில் ஸ்பேனர் வைக்காதீர்கள், பெட்டியையும் திறக்காதீர்கள். கேஸ் வாடை வந்தால் சோதனை எல்லாம் அப்புறம். எந்த ஸ்விட்சையும், கராஜ் கதவின் மோட்டார் பட்டனைக்கூட, தொடாமல் வெளியே போய், அங்கிருந்து கேஸ் கம்பெனிக்கோ அவசர எண் 911-க்கோ போன் போடுங்கள். ஊரில் சிலிண்டர் கேஸ் தரையோடு தங்கும் என்று பழகியிருப்போம். இது மீத்தேன், காற்றைவிட லேசு, கூரைப் பக்கம் போய்ச் சேரும்.

படி 1: இது கோளாறுதானா?

'ராத்திரி போட்டேன், காலையில் பாதிதான் ஏறியிருக்கிறது' என்பது பல நேரம் கோளாறே இல்லை. ஃபில் மணிக்கு ஏறக்குறைய 0.4 கேலன் பெட்ரோலுக்குச் சமமான கேஸைத்தான் ஏற்றும். 50 மைல் ஓட்டிவிட்டு வந்தால் நாலு மணி நேரம் ஆகும். காலி டாங்கி என்றால் ஒரு ராத்திரி போதாது. அதேபோல, நிரப்பி முடித்த டாங்கி குளிர்ந்தால் அதன் அழுத்த முள் சில நூறு பிஎஸ்ஐ இறங்கும். கேஸ் எங்கும் போகவில்லை.

படி 2: மீட்டரோடு பத்து நிமிடம்

என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது, அதுவும் இலவசமாகச் சுவரில் தொங்குகிறது. வீட்டு ஹீட்டர், அடுப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வாட்டர் ஹீட்டரைப் பைலட்டில், அதாவது சின்னச் சுடர் மட்டும் எரியும் நிலையில், வையுங்கள். குளிக்கப் போகிறவர்களைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். கேஸ் மீட்டரின் பெரிய வட்டங்களை விடுங்கள், 'அரை கன அடி' அல்லது '2 கன அடி' என்று போட்ட சின்ன வட்டம் ஒன்று இருக்கும். கம்ப்ரஸர் நின்றிருக்கும்போது அதன் முள் கிட்டத்தட்ட அசையாமல் இருக்க வேண்டும். பைலட் சுடருக்காக ஊர்ந்தால் பரவாயில்லை. நன்றாகவே ஓடினால் எங்கோ கசிகிறது. வெளியே வந்து கேஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

அசைவில்லையா? சரி, கம்ப்ரஸரை ஓடவிட்டு, அது சீரான பிறகு போன் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். மணிக்கு 0.4 கேலன் என்பது ஏறக்குறைய 50 கன அடி. 2 கன அடி வட்டத்தில் முள் ஒரு சுற்று வர 2 நிமிடம் 24 விநாடி, அரை அடி வட்டத்தில் 36 விநாடி. உங்களுடையது வேறு மாடல் என்றால் அதன் வேகத்தைப் போட்டுக் கணக்கிடுங்கள். மூன்று தடவை பார்த்து எழுதிவையுங்கள்.

படி 3: முள் சொல்வதைப் படிப்பது

முள் நகரவே இல்லை: கேஸ் உள்ளே போகவில்லை. கேஸ் வால்வின் கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் 240 வோல்ட் இரட்டை பிரேக்கர். விழுந்திருந்தால் ஒரே ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் எலெக்ட்ரீஷியன் வேலை.

மெதுவாகச் சுற்றுகிறது: கார் எப்போதெல்லாம் மெதுவாக ஏறுகிறது என்று கவனியுங்கள். பனிக்கால மாலையில், ஹீட்டரும் அடுப்பும் சேர்ந்து ஓடும்போது மட்டும் என்றால், வரும் அழுத்தம் பற்றவில்லை. அதை அளந்து பார்க்கக் கேஸ் கம்பெனியைக் கேளுங்கள். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, எந்த நேரமும் அப்படியே என்றால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம்.

முள் சரியாகச் சுற்றுகிறது, காரில் மட்டும் ஏறவில்லை: மூன்றிலும் மோசம் இதுதான். இழுத்த கேஸ் காருக்குப் போகாமல் வேறெங்கோ போகிறது. உடனே நிறுத்துங்கள். நாசிலைக் காரில் மாட்டும் இடத்தில் 'உஸ்' என்று கேட்டிருந்தால், பெரும்பாலும் ஓ-ரிங் கிழிந்திருக்கும். நாசிலைக் கழற்றியபின் டார்ச் அடித்துப் பாருங்கள், ஆனால் ஹார்டுவேர் கடை ரப்பர் வளையத்தைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். இந்த அழுத்தத்துக்கென்றே செய்த வளையம் வேண்டும்.

படி 4: ஓடி ஓடி நிற்கிறதா?

இதில் நான் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மதியத்தில் முக்கால் மணி நேரம் ஓடும், நின்றுவிடும். ராத்திரியில் பிரச்சினையே இல்லை. மோட்டார் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். ஒருநாள் காற்று போகும் கிரில்லைக் குனிந்து பார்த்தால், பக்கத்தில் இருந்த துணி உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சு அதில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. சூட்டில் நின்றிருக்கிறது. அந்த இயந்திரத்தின் காற்றுக் குழாய் இணைப்பு கழன்றிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. பிரேக்கரை அணைத்துவிட்டு, வெளியிலிருந்தே மெல்லிய பிரஷ்ஷால் எடுத்தேன்.

படி 5: மெக்கானிக்கைக் கூப்பிடுமுன்

கார் டாங்கியின் லேபிளைத் தேடிப் பாருங்கள். அதில் காலாவதித் தேதி இருக்கும். மூன்று வருடத்துக்கு அல்லது 36,000 மைலுக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்றும் போட்டிருக்கும். டாங்கிக்கே காலம் முடியப்போகிறது என்றால் கம்ப்ரஸருக்குப் பணம் கொட்டுவதில் அர்த்தமில்லை. காலாவதிக்கு இன்னும் நாள் இருந்தால் மூன்று விநாடிக் கணக்குகளையும், கம்ப்ரஸர் நின்றபோது அழுத்த முள் காட்டிய பிஎஸ்ஐயையும், அது நடந்த நேரத்தையும் சீட்டில் எழுதிக்கொண்டு போன் போடுங்கள்.