யாழ்ப்பாணத்திலிருந்து குல்மார்க்: முதல்முறை பனிச்சறுக்கப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவிலும் சுவிஸிலும் இருக்கிற மச்சான், மச்சாள்மார் அனுப்பும் பனி வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு ஸ்கீ ஆசை வந்துவிட்டது. கனடா விசா கையில் இருந்தால் கொலிங்வுட் பக்கத்து புளூ மவுன்டனுக்குப் போகலாம். பேர்னில் அக்கா இருந்தால் கிரின்டெல்வால்ட் ரயில் தூரம்தான். அந்த விசாக்கள் இல்லாதவர்களுக்கு, எட்டக்கூடிய இடம் காஷ்மீரின் குல்மார்க். இந்தப் பதிவு அதைப் பற்றியது.

தொடங்க முன்னமே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்தை மலை உச்சியை நினைத்துத் திட்டம் போடாதீர்கள். அடியில் இருக்கிற பழகும் சரிவை வைத்துப் போடுங்கள். நாட்கள், காசு, தங்குமிடம் எல்லாம் அதற்கேற்ப அமையட்டும்.

படி 1: மாதம்

குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர். உயரம் சுமார் 2,650 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். அங்கே நீங்கள் ஹொட்டேல் வாசலில் நிற்கும்போதே அதைவிட உயரத்தில் நிற்பீர்கள். அதனால் போய் இறங்கிய அன்று சறுக்கப் போகவேண்டாம். தண்ணீர் நிறையக் குடித்து, மெதுவாக நடந்து, நேரத்தோடு படுங்கள். தலையிடியும் சத்தியும் கூடினால் கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

பனிக்காலம் டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாட்களைக் காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்பார்கள். வருடத்தின் மிகக் கடுங்குளிர் அது. எங்கள் உடம்புக்கு பெப்ரவரிதான் தோது. பனியும் ஆழமாகக் கிடக்கும், குளிரும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

படி 2: விசா, விமானம்

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய இ-விசா எடுக்கலாம். அனுமதி வந்ததும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். பலாலியிலிருந்து சென்னை, அங்கிருந்து டெல்லி, பிறகு ஸ்ரீநகர். பலாலியிலிருந்து பறப்பவை சிறிய ஏரிஆர் விமானங்கள். பொதி நிறையை ரிக்கெற் எடுக்கும்போதே பாருங்கள். டெல்லியில் மூடுபனி, ஸ்ரீநகரில் பனிப்பொழிவு இரண்டும் விமானத்தை நிறுத்தும். ஆகவே போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள் சும்மா விடுங்கள். வெளிநாட்டவர் ஸ்ரீநகர் விமான நிலையத்தில் பதிவுப் படிவம் நிரப்ப வேண்டும். சென்னையில் எடுத்த பிரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. ஹொட்டேல் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் கடதாசியில் எழுதி வைத்திருங்கள்.

2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் மீது தாக்குதல் நடந்தது. காசு கட்டுவதற்கு முன் அன்றைய நிலவரத்தைக் கட்டாயம் பாருங்கள். காப்புறுதி எடுக்கும்போது பனிச்சறுக்கும் மலை மீட்பும் அதற்குள் அடங்குகிறதா என்று வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

படி 3: கால்கள்

யாழ்ப்பாணத்தில் ஏறி இறங்கப் பழக ஒரு மேடுகூட இல்லை. பரவாயில்லை, மாடிப்படி இருக்கிறது. சுவரில் முதுகை அண்டி, கதிரையில் இருப்பதுபோல முழங்காலை மடித்து ஒரு நிமிடம் நில்லுங்கள். முதல் நாள் தொடை நடுங்கும். ஆறு கிழமை விடாமல் செய்தால் பனியில் அதன் பலன் தெரியும். காரைநகர் கசூரினாவுக்குப் போகிறவர்கள் ஈர மணலை விட்டு உலர்ந்த மணலில் நடக்கலாம்.

படி 4: ஸ்கீயா, ஸ்னோபோர்டா?

ஸ்கீயில் கால் இரண்டும் தனித்தனி. முதல் நாளே நிற்கவும் மெல்ல நகரவும் வரும். நன்றாகச் சறுக்கத்தான் காலம் எடுக்கும். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும். முதல் இரண்டு நாளும் விழுவதுதான் வேலை, பிறகு சடாரென்று பிடிபடும். ஸ்கீயில் முழங்கால் கவனம், ஸ்னோபோர்டில் மணிக்கட்டு கவனம். அதற்குக் காப்பு உறை போடுங்கள். நாலைந்து நாள்தான் கைவசம் என்றால் நான் ஸ்கீயைத்தான் சொல்வேன். நடுவில் மாற்றவேண்டாம்.

படி 5: உடுப்பும் சப்பாத்தும்

குளிர் ஜக்கெற்றைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். கனடாவிலிருந்து யாராவது வரும்போது பழையதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த வீட்டிலும் ஒன்று சும்மா தொங்கும். உள்ளே போடுவது பருத்தியாக இருக்கக்கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும், அந்த ஈரம்தான் விறைக்க வைக்கும். கம்பளி அல்லது பொலியெஸ்டர் போடுங்கள். பனி சூரிய ஒளியைத் திருப்பி அடிக்கும், ஆகவே கண்ணாடியும் சன்கிரீமும் கட்டாயம். நாடிக்குக் கீழேயும் பூசுங்கள்.

ஸ்கீ, சப்பாத்து, ஹெல்மெற் எல்லாம் குல்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். சப்பாத்துக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள். ஒரே ஒரு சோடி காலுறைதான். இரண்டு போட்டால் மடிந்து உராயும். காலை விட்டு, குதிக்காலை நிலத்தில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, பிறகு கொளுக்கிகளைப் பூட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்பக்கத்தைத் தொடவேண்டும். முழங்காலை முன்னுக்கு மடித்தால் அது விலகவேண்டும், குதிக்கால் மட்டும் எழும்பவே கூடாது. எழும்பினால் ஒரு அளவு சிறியது கேளுங்கள். பூட்டிக்கொண்டு பத்து நிமிடம் கடைக்குள் நடவுங்கள். பிறகு உங்கள் நிறை, உயரம், வயதைச் சொல்லி, ஸ்கீயில் சப்பாத்தைப் பூட்டிப் பிடிக்கும் பைண்டிங்கை அதற்கேற்பத் திருகிச் சரிசெய்யச் சொல்லுங்கள். விழும்போது அது கழன்றால்தான் முழங்கால் தப்பும். ஸ்கீயின் நீளம் உங்கள் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வந்தால் போதும்.

படி 6: பனியில்

மிச்சம் பிடிக்கும் காசு எல்லாவற்றையும் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். யூரியூப் பார்த்துக்கொண்டு போகிறேன் என்று நிற்கவேண்டாம். முதல் பாடம் நிறுத்துவது: ஸ்கீயின் முன்முனைகளைக் கிட்டவும் பின்முனைகளை அகலவும் வைத்து, உட்பக்க விளிம்பால் பனியை அழுத்த வேண்டும். அது வராமல், சரிவில் மேலே இழுத்துக்கொண்டு போகும் இழுவை லிஃப்டில் ஏறாதீர்கள். வேகம் கைமீறினால் சரிவின் மேற்பக்கமாகப் பக்கவாட்டில் விழுங்கள். பின்னுக்குச் சாய்ந்து இருக்கப் பார்க்கவேண்டாம். களைத்துவிட்டால் அன்று முடித்துக்கொள்ளுங்கள். களைத்த காலில்தான் காயம் வரும்.

படி 7: கொண்டோலா

கொண்டோலா என்பது கம்பியில் தொங்கி மலை ஏறும் கேபிள் கார். அதன் முதல் கட்டம் கொங்டூரி வரை, ஏறக்குறைய 3,050 மீற்றர். இரண்டாம் கட்டம் அபர்வத் மலைப் பக்கம் 3,900 மீற்றரையும் தாண்டும். ரிக்கெற்றை இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள், கூட்டம் பெரிது. அபர்வத்தில் இருப்பது பழகுகிறவர்களுக்கான சரிவு இல்லை. 2023 பெப்ரவரியிலும் 2024 பெப்ரவரியிலும் குல்மார்க்கில் மலையிலிருந்து பனி சரிந்து விழுந்ததில் வெளிநாட்டுச் சறுக்குவீரர்களே இறந்தார்கள். கடைசி நாள் வெயில் நன்றாக இருந்தால் ஸ்கீயைக் கீழே விட்டுவிட்டு, பார்க்க மட்டும் மேலே போங்கள். இறங்குவதும் கொண்டோலாவில்தான்.